டெல்டா மதகுக்கு ஷட்டர் அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் பெங்களூர்ப் பட்டறைக்காரர்களுக்கு

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம் என்பதால், காவிரி டெல்டாவில் தூர்வாரும் பணியும் மதகுச் சீரமைப்பும் கோடையின் கடைசி வாரங்களில் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கின்றன. அந்த நெருக்கடி பெங்களூர் வரை வருகிறது. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வெண்ணாற்றுக் கிளை ஒன்றின் ரெகுலேட்டருக்காக (கதவுகளை ஏற்றி இறக்கித் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் கட்டுமானம்) ஆறு ஷட்டர்களையும் அவற்றைத் தூக்கும் ஸ்குரூ ராடுகளையும் செய்து லாரியில் ஏற்றிவிட்டார். வேலையை எடுத்திருந்த ஒப்பந்ததாரர் தொலைபேசியில் சொன்னது இதுதான்: "தண்ணி வர்றதுக்குள்ள கதவு ஏறணும் அண்ணே, பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." கதவு ஏறிவிட்டது. பணம் இரண்டு பொங்கல் தாண்டியும் வரவில்லை. அவருக்காக அலைந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றைக் கீழே எழுதுகிறேன்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல், பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் கெடு எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. வாங்கியவர் அரசுத் துறையானாலும் தனியார் ஒப்பந்ததாரரானாலும் விதி ஒன்றுதான். இவ்வளவு தெளிவான சட்டத்தை வைத்துக்கொண்டும் பணம் வராமல் போவதற்குக் காரணம், பெரும்பாலும் ஆர்டர் வாங்கும் நேரத்தில் நாம் கவனிக்காமல் விட்ட நான்கைந்து வரிகள்.

முதல் பொறி உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு. பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்பவர்கள் நிறையப் பேர். ஒப்பந்தம் போட்ட நாளில் பதிவு இருந்திருக்க வேண்டும், பின்னால் எடுத்த பதிவு முன்னால் கொடுத்த பொருளுக்குச் செல்லாது என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் பெரிய அமர்வின் முடிவு நமக்குச் சாதகமாக வரும் என்று நம்பி லாரி ஏற்ற வேண்டாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. அதைவிட மோசமானது, நமக்காகப் பதிவு செய்து தரும் ஏஜென்ட் அவசரத்தில் "வணிகம்" என்ற வகையைத் தட்டிவிடுவது. மொத்த, சில்லறை வணிகர்கள் 2021 ஜூலை முதல் உத்யமில் பதியலாம் என்றாலும், அவர்களுக்குக் கிடைப்பது முன்னுரிமைக் கடன் மட்டும்தான். 45 நாள் பாதுகாப்பு கிடையாது. உங்கள் சான்றிதழை இன்றே திறந்து, "உற்பத்தி" என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆர்டரின் வாசகம். பணி ஒப்பந்தம் (பொருளும் பொருத்தும் வேலையும் சேர்ந்த ஒரே ஒப்பந்தம்) இந்தச் சட்டத்துக்குள் வராது என்று மும்பை உயர் நீதிமன்றம் உட்படச் சில நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. ஆகவே "ஷட்டர் செய்து, கொண்டுவந்து, பொருத்தி, ஓட்டிக் காட்டுதல்" என்று ஒரே தொகைக்கு ஒரே ஆர்டர் வாங்கினால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே "இது பணி ஒப்பந்தம்" என்று எழுந்து நிற்பார். பொருளுக்கு ஓர் ஆர்டர், பொருத்துவதற்குத் தனி ஆர்டர், இரண்டுக்கும் தனித்தனி பில் என்று கேட்டு வாங்குவது நல்லது. ஒப்பந்ததாரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

மூன்றாவதாக, "இன்ஸ்பெக்ஷன் முடியவில்லை" என்ற பதில். உதவிப் பொறியாளர் பார்க்கவில்லை, முடிந்த வேலையைத் துறை பதியும் அளவுப் புத்தகத்தில் ஏறவில்லை, செயற்பொறியாளர் விடுப்பில் இருக்கிறார் என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். சட்டப்படி, பொருள் கைக்குப் போன 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வரவில்லை என்றால், கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். வாய்மொழிக் குறை கணக்கில் வராது. அதனால் நீங்கள் காட்ட வேண்டியது கொடுத்த நாளைத்தான்: ஈ-வே பில் (சரக்கை அனுப்ப ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் ஆவணம்), கையொப்பமும் தேதியும் உள்ள டெலிவரி சலான், லாரி ரசீது. பீன்யாக்காரரிடம் இருந்த சலானில் கையொப்பம் இருந்தது, தேதி இல்லை. அந்த ஓர் இடைவெளிக்காக நாங்கள் டோல்கேட் ரசீது வரை தேட வேண்டியிருந்தது.

"டிபார்ட்மென்ட்ல பணம் வந்ததும் தர்றேன்" என்பது எல்லாருக்கும் பழக்கமான வசனம். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதி வாங்கியிருந்தாலும், 45 நாள் உச்சவரம்பை அது மீற முடியாது. இந்தச் சட்டப் பிரிவுகளுக்கு முரணான மற்றவை செல்லாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் மனுவில் எதிர்த்தரப்பாகப் போட வேண்டியது உங்களிடம் ஆர்டர் கொடுத்தவரைத்தான். நீர்வளத் துறைக்கும் உங்களுக்கும் இடையே காகிதம் எதுவும் இல்லாதபோது துறையின் மேல் மனுப் போட்டால், ஆறு மாதம் கழித்து "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரே வரியில் பதில் வரும்.

இனி எங்கே போவது என்பது. வேலை தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ நடந்தது, ஆகவே தமிழ்நாட்டில்தான் மனுக் கொடுக்க வேண்டும் என்று பெங்களூர் அலுவலகத்தில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். தமிழ்நாட்டுக்குப் போனால் நீங்கள் கர்நாடகப் பதிவு என்றார்கள். இரண்டு ரயில் டிக்கெட் வீணான பிறகுதான் சட்டத்தைப் பிரித்துப் படித்தோம். 18ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: பொருள் கொடுத்தவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்தின் வசதிமன்றம் (இந்தச் சட்டப்படி நிலுவைப் பண வழக்குகளைத் தீர்க்கும் குழு) விசாரிக்கலாம், வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. ஆகவே பெங்களூர்ப் பட்டறைக்கு கர்நாடகக் குழுதான். இதற்கான மத்திய அரசின் இணையத் தளத்தில் மனு ஏற்றலாம். இந்தப் பிரிவின் பிரதியையும் இணைத்துவிடுங்கள், கவுன்ட்டரில் வாதம் மிச்சம். முதலில் சமரசம், அது தோற்றால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. அலுவலகத்தின் காலண்டர் வேறு. ஆனால் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமானால், அதை எதிர்த்து வழக்குப் போடும் தரப்பு 75 சதவீதத்தை முதலில் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். சமரசப் பேச்சில் இந்த எண்ணை நினைவூட்டத் தயங்காதீர்கள்.

நேரடியாக டெண்டர் போட நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சிறு நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் பிணைத்தொகை) விலக்கு என்று எல்லாரும் சொல்வது மத்திய அரசின் கொள்முதல் விதிகளை வைத்து. மாநில நீர்வளத் துறையை அவை கட்டுப்படுத்தாது. அறிவிப்பில் விலக்கு உண்டு என்று எழுதியிருந்தால் ஒழிய, தொகையைக் கட்டிவிடுங்கள், இல்லையேல் உங்கள் உறையைத் திறக்கவே மாட்டார்கள். தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளி விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரியின் எழுத்துமூலக் காரணம் வேண்டும். மே மாதத்து அறிவிப்புகளில் இந்தக் குறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டெண்டர் முடிவில் உங்களுக்குக் குறை இருந்தால், ஆணை கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த 10 நாளில் பாதி, ஆணையின் பிரதியை வாங்குவதற்கே போய்விடும். ஆகவே முடிவு தெரிந்த அன்றே பிரதி கேட்டு எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.