யார் இந்த ‘ஆங்கில சீக்கியர்’?

அக்கா மகன் பாடக்குறிப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டான்: “மாமா, ஆங்கில சீக்கியர்னா லண்டன்ல இருக்கிற சர்தார்ஜிங்களா?” அவன் மேல் தப்பில்லை. ‘முதல் ஆங்கில சீக்கியப் போர், 1845–46’ என்றுதான் அதில் அச்சாகியிருந்தது. பஞ்சாபின் சீக்கிய அரசும் ஆங்கிலேயரின் கிழக்கிந்திய கம்பெனியும் மோதிய போர் அது. இந்தத் தொடரை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

சொற்களின் வேர் எளிது. ‘சிஷ்ய’ என்ற வடசொல் பஞ்சாபியில் ‘சிக்’ ஆனது. தமிழில் அதுவே ‘சீடன்’. ஆக, சீக்கியரும் சீடரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் இதை ‘ஆங்கிலோ-சீக் வார்’ என்பார்கள். அதில் உள்ள ‘ஆங்கிலோ’ லத்தீன் வழி வந்த முன்னொட்டு. தமிழில் அதற்குத் தனி வாழ்வு கிடையாது. ‘ஆங்கிலோ இந்தியர்’ என்பதோடு ஒட்டிக்கொண்டு வந்ததோடு சரி.

அந்த ‘ஓ’வை வெட்டிவிட்டால் தமிழாகிவிடும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் மொழி, ஆங்கிலேயர் மக்கள். ஆங்கிலப் பாடம், ஆங்கில நாளிதழ் என்றால் சரி. மொழி எப்போது துப்பாக்கி தூக்கியது? ‘ஆங்கிலேய சீக்கியப் போர்’ கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதிலும் முதல் சொல் இரண்டாவதற்கு அடைமொழி போல விழுந்து, லண்டன் சர்தார்ஜிகளே திரும்பி வருகிறார்கள். ‘சேர சோழ பாண்டியர்’ என்று நன்னூல் விதிப்படி தொகுக்கலாம்தான். அது பழகிய காதுக்கு. இங்கே இரு தரப்பையும் முழுதாகச் சொல்வதே தெளிவு: சீக்கியர்–ஆங்கிலேயர் போர்.

இதைவிட எரிச்சல் மூட்டுவது, இந்தப் போர்களை ‘சீக்கியர் கலகம்’ என்பது. ஒரு காணொளியில் மூச்சுக்கு மூச்சு இதையே சொன்னார்கள். கலகம் என்றால் ஆள்பவனை எதிர்த்து ஆளப்படுபவன் செய்வது. 1845 டிசம்பரில் சீக்கிய அரசின் கால்சா படை சட்லெஜ் ஆற்றைக் கடந்தபோது, லாகூரைத் தலைநகராகக் கொண்ட அந்த அரசு தனி அரசு. 1809 அமிர்தசரஸ் உடன்படிக்கையில் லாகூர் மன்னர் ரஞ்சித் சிங்கோடு சட்லெஜை எல்லையாக ஒப்புக்கொண்டதே கம்பெனிதான். முத்கி, பெரோஸ்ஷா, அலிவால், சொப்ராவுன் என்று வரிசையாக நடந்தவை இரண்டு அரசுகளின் சண்டைகள்.

இரண்டாம் போருக்கு வழிவகுத்த 1848இல், முல்தானில் அதன் ஆளுநர் மூல்ராஜின் ஆட்கள் இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளைக் கொன்றார்களே, அது கலகம் இல்லையா என்பார்கள். சரி, கலகம் என்றே வைத்துக்கொள்வோம். யாருக்கு எதிராக? சட்டப்படி லாகூர் அரியணையில் இருந்தவர் ரஞ்சித் சிங்கின் மகன், சிறுவன் துலீப் சிங். அவருக்குக் காப்பாளராக இருந்தது கம்பெனி. கலகத்தை அடக்கிய காப்பாளர், பிள்ளைக்கு ராஜ்ஜியத்தைத் திருப்பித் தர வேண்டாமா? 1849 மார்ச் 29 அன்று பஞ்சாபையே எடுத்துக்கொண்டார்கள். துலீப்புக்கு அப்போது வயது 10. அதே ஆண்டு ஜனவரியில் சில்லியன்வாலாவில் நடந்த சண்டையில் 2,000க்கும் மேற்பட்டோரை இறந்தும் காயம்பட்டும் இழந்தது கம்பெனிப் படை. இதற்குப் பெயர் கலகமாம்! வென்றவன் எழுதிவைத்த சொல்லை யோசிக்காமல் தமிழில் இறக்குகிறவர்கள், அவன் கட்சியையும் சேர்த்தே இறக்குகிறார்கள்.

‘ஆங்கிலேயர்’ மட்டும் துல்லியமா என்றால், இல்லை. கம்பெனிப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். லாகூரின் பீரங்கிப் படையிலோ முஸ்லிம்கள் ஏராளம். கம்பெனியைக் குறிக்க நம் கதைப்பாடல்களில் புழங்கிய ‘கும்பினி’தான் எனக்குப் பிடித்த சொல். கும்பினி–சீக்கியர் போர் என்று எழுத ஆசைதான். அப்புறம், ‘கும்பினின்னா என்ன மாமா?’ என்பான். இப்போதைக்கு ஆங்கிலேயரே இருக்கட்டும்.