சேஸிங்: விரட்டலா, துரத்தலா?

'சினிமா பாணியில் கார் சேஸிங்; விரட்டிப் பிடித்த போலீஸ்.' அடிக்கடி கண்ணில் படும் தலைப்பு இது. ஒரே வரியில் ஆங்கிலச் சொல்லும் இருக்கிறது, தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. இரண்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

'சேஸ்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கே வேட்டையாடுவது என்று பொருள். இன்னும் பின்னால் போனால் இலத்தீனில் 'பற்று', 'பிடி' என்ற வேர். 'கேட்ச்' பிறந்ததும் அதே வேரில்தான். கிரிக்கெட் வர்ணனையில் ஒரே மூச்சில் வந்துபோகும் இந்த இரண்டும் உடன்பிறப்புகள்!

'விரட்டு' அப்படியில்லை. அதன் பழைய வடிவம் 'வெருட்டு'. 'வெரு' என்றால் அச்சம். பயம் காட்டி ஓட்டுவதுதான் விரட்டல். மாடியில் வடகம் காயும்போது காக்கையை விரட்டுகிறோம். அது பறந்துபோனால் சரி, பிடித்து என்ன செய்யப் போகிறோம்? போலீசுக்கோ ஓடுகிறவர் கையில் சிக்க வேண்டும்.

எனக்குப் பொருத்தமாகப் படுவது 'துரத்தல்'. 'துர' என்ற பழைய வினைக்கு வண்டியை ஓட்டுதல், அம்பை எய்தல், துரத்துதல் என்று பல பொருள்கள். ஓட்டுவதும் வேகமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. (யாழ்ப்பாணத்தில் 'கலைத்தல்' என்பார்கள்: 'நாய் கலைக்குது.') ஆகவே 'வாகனத் துரத்தல்' என்று எழுதலாம். 'துரத்திப் பிடித்தல்' என்பதைக் கலைச்சொல்லாக்க வேண்டாம். பிடிபடுவது முடிவு, பாதியில் விட்டுவிடுவதும் உண்டு. அதற்குத் 'துரத்தலைக் கைவிடுதல்' போதும்.

ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அதில் இரண்டே பேர்: துரத்துகிறவர், ஓடுகிறவர். சாலையைக் கடக்கிறவருக்கும் பின் சீட்டில் இருப்பவருக்கும் அதில் இடமில்லை. அமெரிக்காவில் வழக்குகள் கிளம்பிய இடம் இதுதான். 1990-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ஒரு மோட்டார் சைக்கிளைப் போலீஸ் கார் துரத்தியது. பைக் சறுக்கி நின்றது. பின்னால் அமர்ந்திருந்த 16 வயதுப் பையன் மீது கார் மோதி அவன் இறந்துபோனான். ஓட்டியவன் அவனல்ல. தீங்கு செய்யும் நோக்கம் இருந்திருந்தால்தான் அரசமைப்புச் சட்டப்படி போலீசைப் பொறுப்பாக்க முடியும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது ஜார்ஜியா வழக்கு. மணிக்கு 55 மைல் போக வேண்டிய சாலையில் 73 மைலில் போன 19 வயது இளைஞர், போலீஸ் சைகை காட்டியும் நிற்கவில்லை. சுமார் 10 மைல் துரத்தியபின் அதிகாரி தன் காரால் அவர் வண்டியின் பின் பம்பரில் இடித்தார். கார் கவிழ்ந்து, இளைஞருக்குக் கைகால் இரண்டும் செயலிழந்தன. 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளில் 8 பேர் அதிகாரி பக்கம் நின்றார்கள். வழியில் வரும் அப்பாவிகளுக்கு ஆபத்து, அதனால் இடித்தது நியாயம் என்றார்கள். துரத்தலைக் கைவிட்டால்? தாறுமாறாக ஓட்டினால் தப்பிக்கலாம் என்று எல்லோரும் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர்கள் பதில்.

மாறுபட்டவர் நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒருவர்தான். இத்தனைக்கும் துரத்தல் தொடங்கியபோதே அந்தக் காரின் எண்ணைப் போலீசார் குறித்து வைத்திருந்தார்கள். அதை வைத்துப் பிறகு பிடித்திருக்கலாமே!