மலைச் சீஸும் காய்ச்சாத ஆட்டுப்பாலும்

உசிலம்பட்டிப் பக்கம் பத்து வெள்ளாடு வைத்திருக்கும் தம்பி ஒருவர் சித்திரை மாதம் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்து செல்போனை நீட்டினார். சுவிட்சர்லாந்து மலை வீடியோ. கழுத்தில் மணி கட்டிய மாடுகள், விறகு அடுப்பு, பெரிய செம்புக் கொப்பரை. "டாக்டர் சார், இவங்க பாலைக் காய்ச்சாமத்தானே சீஸ் பண்றாங்க? நானும் ஆட்டுப்பால்ல பண்ணிப் பாத்தேன், நல்லா வந்துச்சு."

காய்ச்சுவதில்லைதான். லெத்திவா என்று அங்கே ஒரு சீஸ் உண்டு. மே 10 முதல் அக்டோபர் 10 வரை, மலை மேய்ச்சலில் கறந்த பாலில் மட்டும் செய்வார்கள். பச்சைப்பால்தான். ஆனால் உறைந்த பாலைத் துண்டு துண்டாக வெட்டி 57 டிகிரி வரை சூடேற்றி, நீரைப் பிழிந்தெடுத்து, குறைந்தது 135 நாள் பழுக்க வைத்த பிறகே விற்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அந்த நாட்டு மந்தைகளில் புரூசெல்லா கிருமியை, அதாவது ஆடு மாடுகளைக் குட்டி, கன்று வீச (கருக்கலைய) வைத்து, பச்சைப்பால் வழியாக மனிதரையும் தொற்றும் கிருமியை, ஒழித்துவிட்டார்கள். வீடியோவில் இதெல்லாம் வராது. தம்பி செய்தது மறுநாளே தின்னும் பச்சைக் கட்டி.

"ஆடு எதுவும் குட்டி வீசிச்சா?"

"ரெண்டு வீசிருச்சு சார், நாலாம் மாசத்துல. வெயிலுக்குன்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் சீஸ் பேச்சை விட்டுவிட்டேன். ரத்தம் எடுத்து அனுப்பியதில் மூன்று ஆடுகளுக்கு புரூசெல்லா. தம்பிக்கு ஒன்றுமில்லை, வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளிப் போட்ட அவருடைய அம்மாவுக்கு இருந்தது. மாதக்கணக்காக இடுப்பு வலி, வந்து வந்து போகும் காய்ச்சல், ராத்திரி வியர்வை. களையெடுத்த அலுப்பு என்றே நினைத்திருக்கிறார்கள். இந்த நோயை டைபாய்டு என்றும் காசம் என்றும் நினைத்து அலைகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் போனால் வீட்டில் ஆடு மாடு இருப்பதை முதலில் சொல்லுங்கள். இரண்டு மருந்து சேர்த்து ஆறு வாரம் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் திரும்ப வரும்.

நாம் பாலைக் காய்ச்சித்தான் உறை ஊற்றுகிறோம், அதனால் தயிரில் பயமில்லை. சளிக்கு நல்லது என்று குழந்தைக்குப் பச்சை ஆட்டுப்பால் கொடுக்கிறார்களே, அதுதான் ஆபத்து. வீசிய கன்றையோ குட்டியையோ கையில் கவர் மாட்டித் தூக்குங்கள். நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி, அரசு இலவசமாகப் போடுகிறது. அது உயிருள்ள கிருமி என்பதால் கன்றைப் பிடிப்பவர் ஊசி குத்திக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். எனக்கே ஒருமுறை குத்தியிருக்கிறது; அதற்கப்புறம் ஆறு மாதம் காய்ச்சல் என்றாலே பயம்.

சீஸை விட மாட்டேன் என்றார் தம்பி. சரி, பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கச் சொன்னேன். கிருமி சாகும், ரென்னட் (சீஸுக்குப் பாலை உறைய வைக்கும் நொதி) விட்டால் உறையவும் செய்யும். கொதிக்க விட்டால் சரியாக உறையாது. தெர்மாமீட்டர் வாங்கும் வரை, காய்ச்சிய பாலில் எலுமிச்சை பிழிந்து பன்னீர்தான். அதுவும் நோய் கண்ட மூன்று ஆடுகளைக் கழித்த பிறகு. போன வாரம் ஒரு துண்டு கொண்டுவந்தார். உப்பு கொஞ்சம் தூக்கல்.