கடா எப்படிங்க கருவுறும்?

"வெப்பத்தால் எருமைக் காளையின் கருவுறுதிறன் குறைகிறது." இந்த வரிய எத்தன தடவதான் படிக்கிறது? வாட்சாப்புல சுத்துற கால்நடைக் குறிப்புலயும் இதே, வீடியோவுக்குக் கீழ ஓடுற எழுத்துலயும் இதே. கரு உறுதல்னா கரு தரிக்கிறது. அது பொட்ட எருமையோட வேல, கடாங்கிறது ஆண் எருமை. கடா எப்படிங்க கருவுறும்?

மூலம் இங்கிலீஷ்ல ஃபெர்டிலிட்டி. சுமக்கறது, விளைவிக்கறதுன்னு அர்த்தம் வர்ற லத்தீன் வேர். ஆண், பெண், நிலம்னு எல்லாத்துக்கும் அவங்க ஒரே சொல்ல வச்சு ஓட்டுறாங்க, நமக்கு அந்தத் தேவை இல்ல. நிலத்துக்கு வளம் இருக்கு, பொட்டைக்கு சினை பிடிக்கிறது இருக்கு, ஆணுக்கு பொலி இருக்கு.

பொலின்னா பெருகுறது, செழிக்கிறது. களத்துல தூத்தி எடுத்த நெல் குவியலுக்கும் பொலின்னுதான் பேரு. இனப்பெருக்கத்துக்குன்னே வளக்குற காளைய பொலிகாளைன்னு சொல்ற வழக்கம் இன்னிக்கும் உயிரோட இருக்கு. அப்போ எருமையில பொலிகடா, அதோட திறமை பொலிதிறன். புதுசா எதையும் வானத்துலேர்ந்து பறிச்சிட்டு வரல, இருக்குற சொல்லோட திறன சேத்தேன், அவ்வளவுதான்.

'கருவூட்டுதிறன்'னு சொல்லலாமேன்னு ஒரு நண்பர் கேட்டாரு. இலக்கணப்படி தப்பே இல்ல, ஊட்டுறது ஆணோட வேலதான். ஆனா கருவூட்டல்னதும் நம்மாளுக்கு சினை ஊசிதான் ஞாபகம் வரும், அந்த ஊசியப் போடுறவரோட கைத்திறமையப் பத்திப் பேசுற மாதிரி ஆயிடும். சில பேரு 'ஆண்மைக்குறைவு'ன்னு எழுதுறாங்க, அது இன்னும் மோசம். வெயில்ல கடாவுக்கு நாட்டம் குறையறது உண்மைதான், ஆனா நல்லா ஏறுற கடாவுக்கும் விந்து கெட்டுப்போயிருக்கும், ரெண்டும் வேற வேற சங்கதி. 'மலடு'ம் கூடாது. மலடுன்னா நம்ம காதுல நிரந்தரம்னு விழும், இது பெரும்பாலும் தற்காலிகம், வெக்கை தணிஞ்சா கொஞ்ச நாள்ல தேறிக்கும்.

இவ்வளவு பிடிவாதம் ஏன்னு கேட்டா, தப்பான சொல்லு பழிய பொட்டை மேல போடுது. இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஓரத்துல நாலஞ்சு எருமை வச்சிருக்கிறவங்ககிட்ட 'கருவுறுதிறன் குறைஞ்சிருக்கு'ன்னு சொன்னா அவங்க பொட்டையத்தான் பாப்பாங்க, அதுக்கு மருந்து வாங்குவாங்க, கடைசியில வித்துடுவாங்க, கடாவ யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. பொட்ட எருமையும் வெக்கையில பருவத்த வெளிய காட்டாம விடும், அதனால பழி இன்னும் சுலபமா ஒட்டிக்கும்.

கடாவுக்கு நடக்கிறது இதுதான். கருப்புத் தோலு, முடி குறைவு, வியர்வைச் சுரப்பி மாட்டவிட ரொம்பக் கம்மி, சேத்துல பெரளாம சூட்டத் தணிக்கத் தெரியாத உசுரு அது. விதைக்கொட்டை மட்டும் ஒடம்பு சூட்டவிட சில டிகிரி குளுமையா இருந்தாத்தான் விந்தணு ஒழுங்கா உருவாகும். அது உருவாகவே அஞ்சு வாரத்துக்கு மேல ஆகும், அப்புறம் முதிர இன்னும் சில நாளு. அதனால வெயிலடிச்ச மாசத்துல பட்ட அடி அடுத்த மாசம், அதுக்கடுத்த மாசம்தான் தெரியும், அப்போ மழை வந்திருக்கும், வெயில யாரு நெனைக்கப் போறா?

பஞ்சாப், ஹரியானா பக்கம் முர்ரா இன எருமைக் கடாவுக்கு மே, ஜூன்தான் கஷ்ட காலம், 40 டிகிரிக்கு மேல போகும். அந்தச் சமயத்துல எடுத்த விந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல உறைய வச்சு எடுத்தா சரியா உசுரு பிடிக்காது. நம்மூர்ல அப்படி தனி கோடை கிடையாது, பால்மரம், அதான் ரப்பர் மரம், எல உதிர்க்கிற பிப்ரவரி, மார்ச்லதான் வெயில் காயும். 1998 ஏப்ரல்ல பெர்லிஸ் சூப்பிங்ல 40.1 டிகிரி போனது ஞாபகம் இருக்கலாம். மத்த மாசத்துலயும் ஈரக்காத்து ராத்திரியில கூட சூட்ட எறங்க விடாது. இங்க உள்ள வாசகருக்கு 'கோடைக்காலம்'னு எழுதாம 'வெயில் காலம்'னு எழுதறதுதான் பொருத்தம்.

அப்புறம் அந்த 'எருமைக் காளை'. காளை மாட்டுக்கு. எருமையில ஆணு கடா, தொல்காப்பியத்து மரபியல்ல கண்டின்னு தனிப்பேரே இருக்கு. இத்தன பேரு கையில இருக்கும்போது, மொழிபெயர்க்கிறவங்க ஒரு தடவையாவது மாடு வளக்கிறவங்ககிட்ட கேட்டிருக்கலாம். மெஷின் குடுத்தத அப்படியே ஒட்டுற பழக்கத்த தயவுசெஞ்சு விடுங்க.

அந்த வரிய நான் எழுதுனா இப்படித்தான்: "வெயில் காலத்தில் பொலிகடாவின் பொலிதிறன் குறையும், நிழலும் சேற்றுக்குளமும் கொடுங்கள், சினை பிடிக்கவில்லை என்றால் கடாவையும் சோதியுங்கள்."