வீணைக்கு சந்தனம் குங்குமம் வைக்காதீங்க

நவராத்திரி முடிஞ்சதும் பட்டறைக்கு வர்ற வீணைங்களைப் பார்த்தா வயிறு எரியுது. இந்த வாட்டி வந்த ஒண்ணுல குடத்து (அடியில உருண்டையா இருக்கற பாகம்) மேல்பலகை பூரா சந்தனம் காஞ்சு அப்பியிருக்கு, தந்தியைத் தாங்கற குதிரைக்கு அடியில எண்ணெய் இறங்கியிருக்கு, தந்தியை அழுத்தி வாசிக்கற மெட்டுக்கட்டையில நாலஞ்சு மெழுகோட சாஞ்சு கிடக்கு. ஒட்டினாப்ல குத்துவிளக்கை ஏத்தி வெச்சிருக்காங்க. கேட்டா, "சரஸ்வதி வீணையாச்சே, பூஜையில வெக்காம இருக்க முடியுமா"ங்கறாங்க.

இந்தப் பேரை வெச்சுக்கிட்டு, அம்பாள் கையில ஆதியில இருந்தே இதே வீணைதான் இருந்துச்சு, இது வாத்தியமே இல்ல விக்ரகம்னு நினைக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. வீணைங்கற பேர் ரொம்பப் பழசு, ஆனா அந்தக் காலத்துல தந்தி வாத்தியம் பலதுக்கும் பொதுவா அந்தப் பேர்தான். 4-ஆம் நூற்றாண்டு சமுத்திரகுப்தர் தங்கக்காசுல ராஜா உக்காந்து வீணை வாசிக்கறாரே, அது வில்லா வளைஞ்ச வாத்தியம், அதுல மெட்டே கிடையாது. நம்ம யாழும் அந்த ஜாதிதான். இப்ப உங்க வீட்டுல இருக்கற அமைப்பு, அதாவது 24 மெட்டு நிலையா பதிச்சு, வாசிக்க 4 தந்தி, தாளத்துக்கு 3 தந்தின்னு இருக்கறது, 17-ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்துல உருவானதுன்னு சொல்றது வழக்கம். அதனாலதான் தஞ்சாவூர் வீணை, ரகுநாத வீணைன்னும் பேர் வந்துச்சு. பலாமரத்துல ஆசாரி செதுக்கின வாத்தியம்ங்க இது, வாசிக்கத்தான் செஞ்சாங்க.

மெட்டுக்கு அடியில கறுப்பா இருக்கறது மரம் இல்ல, கரித்தூள் கலந்த தேன்மெழுகு. ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஸ-ல இருந்து மேல் ஸ வரைக்கும், 12 மெட்டு, ரெண்டு ஸ்தாயிக்கு 24, ஒவ்வொண்ணையும் காதால கேட்டுக் கேட்டு மெழுகுல உக்கார வெக்கறதுக்குத்தான் எங்க தொழில்ல மேளம் கட்டறதுன்னு பேர். நூலளவு நகர்ந்தாலும் சுருதி போச்சு. சூடு பட்டா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

இன்னொரு பேரும் ஏமாத்துது, ஏகாண்டம். ஒரே மரத்துல குடைஞ்சாத்தான் ஏகாண்டம், குடமும், மெட்டு இருக்கற நீளமான தண்டியும் சேர்ற இடத்துல வேலைப்பாடு போட்டு மறைச்சிட்டு, தனித்தனியா செஞ்சு ஒட்டின ஒட்டு வீணையை அந்த விலைக்குத் தள்ளறவங்க இருக்காங்க, விஷயம் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டுப் போய் வாங்குங்க. ஒட்டு வீணை மட்டம்னு சொல்லல, ஏகாண்ட விலை குடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

பூஜையில தாராளமா வைங்க, பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமத்தை அந்தத் துணிமேல வைங்க. விளக்கு, சாம்பிராணி எல்லாம் தள்ளி. வெயில்ல நிக்கற கார் டிக்கியில வெக்கவே கூடாது, பரண்லயும் ஏத்தாதீங்க. சாஞ்ச மெட்டை மெழுகுவத்தி காட்டி நீங்களே நிமித்தறேன்னு கிளம்பாதீங்க, அப்புறம் மொத்த மேளத்தையும் பிரிச்சுக் கட்ட வேண்டி வருது. தயவுசெஞ்சு மத்த நாள்ல பெட்டியைத் திறந்து பிள்ளைங்களை வாசிக்க விடுங்க. சந்தனம் ஏற்கெனவே அப்பியிருந்தா தண்ணி ஊத்தித் தேய்க்காதீங்க, அப்படியே பட்டறைக்கு எடுத்துட்டு வாங்க.