கடைமடைக்கு எட்டாத சூடு

டொராண்டோவில் முதல் குளிர்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கியபோது மூன்று ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒன்று போதவில்லையா, இரண்டு. இரண்டும் போதவில்லையா, மூன்று, அவ்வளவுதான் என் கணக்கு. மூன்றையும் மாட்டி, ஷூவுக்குள் காலைத் திணித்து, ஏரிக்கரைப் பாதையில் இருபது நிமிடம் மிதித்திருப்பேன், விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு சாக்ஸோடு போன நாளே தேவலை.

சாக்ஸ் சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கிற சூடு வெளியே ஓடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஃபிளாஸ்க்கில் பச்சைத்தண்ணீரை ஊற்றி வைத்தால் வெந்நீர் ஆகுமா? பாதத்தில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய தசை எதுவும் கிடையாது, விரல்களில் எலும்பும் தசைநாணும் தோலும்தான். தொடையிலும் வயிற்றிலும் நெஞ்சிலும் உண்டாகும் சூடு ரத்தத்தோடு கீழே இறங்கி வந்தால்தான் பாதத்துக்கு உண்டு. வாய்க்காலில் கடைசி வயல் மாதிரி, உடம்பின் கடைமடை அது.

தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே, உடம்பும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. விரல்களிலும் உள்ளங்காலிலும் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குவழிக் குழாய்கள் நிறைய இருக்கின்றன. வெயில் காலத்தில் இந்த மதகுகள் திறந்து, சூடான ரத்தம் தோலுக்கு அடியில் தாராளமாகப் பாய்ந்து சூட்டை வெளியே விடும். குளிரில் நரம்புகள் இவற்றை இறுக்கி மூடிவிடுகின்றன. உள்ளுறுப்புகளை 37 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், அதற்காக விரல்கள் சில்லிட்டுப் போனால் போகட்டும் என்று உடம்பு முடிவு செய்துவிடுகிறது. போதாக்குறைக்கு, காலில் இறங்கும் தமனிகள் மேலே ஏறும் சிரைகளை ஒட்டியே ஓடுகின்றன, அதனால் இறங்கும் ரத்தத்தின் சூட்டில் ஒரு பங்கை வழியிலேயே ஏறும் குளிர்ந்த ரத்தம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

மூடிய மதகு எப்போதும் மூடியே இருப்பதில்லை. 1930-இல் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர், ஐஸ் தண்ணீரில் விட்ட விரல் ஐந்து பத்து நிமிடம் கழித்துத் தானாகவே கொஞ்சம் சூடாவதையும், பிறகு மறுபடி குளிர்வதையும், இப்படி மாறி மாறி நடப்பதையும் பதிவு செய்தார். திசு செத்துப் போகாமல் இருக்க உடம்பு அவ்வப்போது திறந்துவிடும் முறைத்தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உடம்பின் உட்பகுதியே குளிர்ந்து கிடந்தால் இந்தத் திறப்பும் பலவீனமாகிவிடுகிறது. அதனால் கால் சில்லிடுகிறது என்றால் முதலில் கவனிக்க வேண்டியது தலையையும் உடம்பையும் தொடையையும்தான். ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய குல்லாவும், ஜீன்ஸுக்கு அடியில் ஒரு கம்பளிப் பேண்ட்டும் சேர்த்த வாரம் என் விரல்களுக்குக் கிடைத்த வித்தியாசம், சாக்ஸுக்குச் செலவழித்த காசு எதிலும் கிடைக்கவில்லை.

சரி, இதே குளிரில் நடந்து போகிறவருக்கு ஏன் இவ்வளவு விறைப்பதில்லை? நடக்கும்போது பாதம் வளைகிறது, ஒவ்வோர் அடிக்கும் உள்ளங்காலில் தேங்கிய ரத்தம் மேலே தள்ளப்பட்டுப் புது ரத்தம் வருகிறது. சைக்கிளில் வேலையெல்லாம் தொடைக்கு, பாதம் பெடல் மேல் கட்டை மாதிரி கிடக்கிறது. நீளமான பயணத்தில் இரண்டு நிமிடம் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேகமாக நடந்தால் விரல்களுக்கு உயிர் வருவது இதனால்தான்.

அப்புறம் காற்று. காற்றே வீசாத நாளிலும் நாம் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதே வேகத்தில் எதிர்காற்று உண்டு. வானிலை அறிக்கைக் கணக்குப்படி −10 டிகிரியும் அந்தக் காற்றும் சேர்ந்தால் −18 போல உறைக்கும். இது திறந்த முகத்துக்குப் போட்ட கணக்கு, ஷூவுக்குள் இருக்கும் பாதத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் சைக்கிள் ஷூக்கள் பலவும் கோடைக்குச் செய்தவை, மேலெல்லாம் வலைத்துணி, அடியிலும் காற்றோட்டத்துக்கு ஓட்டை. காற்று உள்ளே நுழைந்துவிட்டால் சாக்ஸ் பிடித்து வைத்த சூடான காற்றை அள்ளிக்கொண்டு போய்விடும். ஓட்டைகளின் மேல் டேப் ஒட்டுங்கள், மேலே ஒரு ஷூ உறை மாட்டுங்கள். அழகாக இருக்காது, யார் பார்க்கப் போகிறார்கள். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூவில் பாதத்தின் முன்பகுதிக்கு நேர் கீழே ஓர் உலோகத் தகடு வேறு இருக்கிறது, அசையாத காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் அலுமினிய பெடலில் அது போய் உட்காருகிறது. நான் அந்தப் பூட்டை விட்டுவிட்டுத் தட்டையான பிளாஸ்டிக் பெடலுக்கு மாறிவிட்டேன், சாதாரண குளிர்கால பூட்ஸே போதுமென்று ஆகிவிட்டது.

மூன்று சாக்ஸ் கதைக்கு வருகிறேன். குளிரைத் தடுப்பது நூலைவிட அதிகமாக, நூலுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்று. இறுக்கமான ஷூவுக்குள் மூன்று அடுக்கைத் திணித்தால் அந்தக் காற்று நசுங்கிப் போகிறது, கூடவே தோலுக்கு அடியிலுள்ள நுண்குழாய்களும் நசுங்குகின்றன, ஏற்கெனவே பாதி மூடிய மதகை நானே மேலிருந்து அழுத்தி அடைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடித்த சாக்ஸ், ஓர் அளவு பெரிய ஷூ, உள்ளே விரல்களை மடக்கி நீட்ட இடம், இது போதும்.

ஈரம்தான் மிச்சப் பிரச்சினை. தண்ணீர் அசையாத காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துத் தொப்பலாகிப் பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் சொதசொதவென்று ஆகாது. வெளியிலிருந்து வரும் ஈரம் இன்னும் மோசம். இங்கே பனியை உருக்கச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், உப்புத் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உறையாது, ஆகவே −5 டிகிரியில் திரவமாகவே இருக்கும் சேற்றை முன்சக்கரம் நேராக ஷூ மேல் அடிக்கிறது. முன் மட்கார்டின் அடியில் தரையைத் தொடாத அளவுக்கு ஒரு ரப்பர் துண்டைத் தொங்கவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

சாக்ஸின் மேல் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பைகளில் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும்போது வெளிவரும் வெப்பம்தான் அது. துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும், இறுக்கி மூடிய ஷூவுக்குள் அது மந்தமாகிவிடும். அதனால் ஷூ மாட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்பே பிரித்து வெளியே வைத்துச் சூடேற்றிக்கொள்கிறேன்.

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். குளிரில் வலித்துக்கொண்டிருந்த விரலில் திடீரென்று வலி நின்றுவிட்டால் நிம்மதி கொள்ளாதீர்கள், நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்தியிருக்கிறது. உடனே இறங்கி, கதகதப்பான இடத்துக்குள் போய் ஷூவைக் கழற்றிப் பாருங்கள். உறையத் தொடங்கிய தோல் வெளுத்து மெழுகு போல ஆகும் என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் அந்த வெளுப்பு சட்டென்று கண்ணில் படாது, சாம்பல் பூத்தது போலத் தெரியலாம், தொட்டால் கெட்டியாக இருக்கும். அதைத் தேய்க்கக் கூடாது, ஹீட்டர் பக்கத்தில் நீட்டவும் கூடாது, உணர்ச்சி இல்லாததால் வெந்து போனாலும் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, மருத்துவருக்கு போன் செய்யுங்கள்.