டேங்கை நிரப்பித்தான் திருப்பிக் கொடுத்தார்

மரம் அறுக்கும் மிஷினான செயின் சா பழுதாகி, அதைக் கொண்டு வருபவர்கள் முதலில் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: “நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு.” நான் பிளக்கைக் கழற்றி, சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த தகவல் மெதுவாக வரும். “பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் வாங்கிட்டுப் போனாரு.”

பட்டுக்கோட்டைப் பக்கம் ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷின், செயின் சா என்று சின்ன இன்ஜின்களைச் சர்வீஸ் செய்வது என் தொழில். எங்கள் ஊர்களில் செயின் சா ஒரு காலத்தில் மரம் அறுக்கும் ஆட்களிடம் மட்டும்தான் இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு தோப்பாகத் தென்னை படுத்துக் கிடந்தது. அறுக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த ஆளுக்குக் கூலி கட்டவில்லை. தோப்புக்காரர்கள் தாங்களே மிஷின் வாங்க ஆரம்பித்தார்கள். இப்போது தெருவுக்கு ஒன்று இரண்டாவது இருக்கிறது. ஒருவர் வீட்டில் இருந்தால் தெருவுக்கே இருக்கிற மாதிரிதான். மண்வெட்டி, கடப்பாரை, ஏணி எல்லாம் அப்படித்தானே வீடு வீடாகப் போய் வந்துகொண்டிருக்கின்றன.

சிக்கலே அதுதான். மண்வெட்டியைக் கேட்கிற அதே குரலில் செயின் சாவையும் கேட்கிறார்கள். நாமும் மண்வெட்டியைக் கொடுக்கிற அதே கையால் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

என் வாடிக்கையாளர் ஒருவர், சொந்தத்தில் மாமா முறை வரும் ஒருவருக்கு மிஷினைக் கொடுத்தார். நல்ல கம்பெனி மிஷின், வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமா மிகவும் நாணயமானவர். ஒரு வேப்பங்கிளையை வெட்டிவிட்டு, மரத்தூளையெல்லாம் துணியால் துடைத்து, ‘ஓசியில் வாங்கினோம், வெறும் டேங்கோடு கொடுக்கக் கூடாது’ என்று பங்குக்குப் போய் பெட்ரோல் வாங்கி வந்து நிரப்பியும் கொடுத்திருக்கிறார். வெறும் பெட்ரோல். உடைமைக்காரர் மறுநாள் தோப்பில் ஸ்டார்ட் செய்தார். டேங்க் நிறைய இருக்கிறதே என்று சந்தோஷமாக அறுத்திருக்கிறார். பத்து நிமிடத்துக்குள் கீச்சென்று ஒரு சத்தம், அதோடு இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

இதில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பைக் மாதிரி இன்ஜின் ஆயில் தனியாகக் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் பெரும்பாலான கம்பெனி மிஷின்களுக்கு லிட்டருக்கு 20 மி.லி. சாதா ஆயில் என்றால் 40. அது இல்லாமல் ஓடினால் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றையொன்று உரசிக் கீறிக்கொண்டு பற்றிக்கொள்ளும். அன்று பிஸ்டனைக் கழற்றிக் காட்டினேன், அரத்தால் ராவியதுபோலக் கோடு கோடாக இருந்தது. செட்டாக மாற்ற வேண்டியதாயிற்று. மாமாவிடம் பணம் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. கெட்டுப்போன விஷயம் இன்றுவரை மாமாவுக்குத் தெரியுமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். நல்ல மனிதர், தெரியாமல் ஒரு மரியாதை செய்தார், அவ்வளவுதான்.

இரவலில் போய் வரும் மிஷின்களில் இன்னும் சில உண்டு. செயினைத் தலைகீழாக மாட்டிவிட்டு ‘வெட்டவே மாட்டேங்குது’ என்று அழுத்தி அழுத்தி, செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடான பாரைக் கருக்கியது. செயின் ஆயில் ஊற்றுகிற இடத்தில் பெட்ரோலை ஊற்றியது. செயினை ஓடவிடாமல் பிடிக்கிற செயின் பிரேக் போட்டிருப்பது தெரியாமல் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்து கிளட்ச் டிரம்மைப் புகைய விட்டது. மண்ணோடு கிடந்த தென்னையை அப்படியே அறுத்து, பல்லையெல்லாம் மொட்டையாக்கியது. அந்தப் பல்லுக்கு ஒரு கதை உண்டு. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, அடிக்கட்டை ஒன்றை ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகக் குடைந்து போவதைப் பார்த்து, அதே மாதிரி செயின் பல்லை வடிவமைத்தார். இன்று நாம் பயன்படுத்துகிற செயின் அந்த வழியில் வந்ததுதான். தென்னையைக் குடைகிற புழுவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும் நம் தோப்புக்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

சரி, இதெல்லாம் காசோடு போகிற நஷ்டம். அடுத்து சொல்லப்போவது அப்படிப்பட்டதில்லை.

புயலுக்குப் பிறகு ஒரு மூன்று மாதம் இருக்கும். ஒருவர் தன் மிஷினை மச்சானுக்குக் கொடுத்தார். மச்சான் கற்றுக்குட்டி இல்லை. தன் மிஷினை வைத்து நிறைய மரம் அறுத்த கை. அன்று அவருடையது ரிப்பேரில் இருந்ததால் இதைக் கேட்டு வாங்கினார். இந்த மிஷின் ஆக்சிலேட்டரை விட்டுச் சும்மா ஓடும்போது அடிக்கடி அணைந்துவிடும். அதனால் உடைமைக்காரர், அந்தச் சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐடில் ஸ்குரூவைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார். அப்படி வைத்தால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். அவருக்கு அது பழகிப்போய்விட்டது. ஒரு வெட்டு முடிந்ததும் அணைத்துவிட்டுத்தான் நகருவார். அதைக் கொடுக்கும்போது சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அது ஒரு குறை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மச்சான் தன் மிஷினைப் பிடிக்கிற பழக்கத்தில், ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மிஷினைத் தொடைப் பக்கம் இறக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் செயின் சா வெட்டு அரிவாள் வெட்டு மாதிரி இல்லை. அது கோடாக வெட்டாது, சதையை அள்ளிக்கொண்டு போகும். தைக்கிறவருக்குச் சேர்த்துப் பிடிக்க இரண்டு பக்கமும் ஓரம் சரியாக இருக்காது. இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நிற்கவில்லை, ஆனால் முன்பு மாதிரியும் இல்லை என்று கேள்வி. அந்த மிஷினை உடைமைக்காரர் என்னிடமே கொண்டு வந்தார். ஐடிலைச் சரி செய்து கொடுத்தேன். கார்புரேட்டர் சுத்தம் செய்தால் தீர்ந்துபோகிற வேலை அது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். ஓடுகிற ஒவ்வொரு மிஷினிலும் ஒரு கோளாறு இருக்கும். அது உங்கள் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. மிஷினைக் கொடுக்கும்போது கோளாறு கூடப் போகிறது, கை கூடப் போவதில்லை. என் கடையில் நானே வைத்திருக்கிற பழைய மிஷினில் சுவிட்ச் வேலை செய்யாது. சோக்கை இழுத்துத்தான் அணைப்பேன். வருடக்கணக்கில் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆள் நான்! அவசரத்தில் அணைக்க வேண்டிய ஒருவர் அந்தச் சுவிட்சைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேலே சொன்ன சம்பவத்துக்குப் பிறகுதான் உறைத்தது. முதல் வேலையாக மாற்றினேன். ஆக, ‘அவர் விவரமானவர், அதனால் கொடுத்தேன்’ என்ற வாதம் பாதிதான் செல்லும். விவரமானவர் அவருடைய மிஷினில் விவரமானவர்.

விவரமே இல்லாதவர் கதை வேறு. முழு வேகத்தில் செயின் விநாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். பாருடைய மூக்கின், அதாவது முன்நுனியின், மேல்பாதி எதிலாவது பட்டால், ஒரு பக்கத்துக் கிளையோ பின்னால் மறைந்திருக்கிற கட்டையோ போதும், மிஷின் அப்படியே மேல்நோக்கி எகிறி அடிக்கும். கழுத்தும் முகமும் இருக்கிற பக்கம்தான் வரும். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. நாம் சுதாரித்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது. இடது கையின் கட்டை விரல் முன்பிடியைச் சுற்றி இறுகப் பிடித்திருக்க வேண்டும். கைக்கு முன்னால் இருக்கிற அந்தத் தகடு செயின் பிரேக், அது வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டைத்தான் நம்ப முடியும். கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்தத் தகட்டையே கழற்றி வைத்திருக்கிற மிஷின்கள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. மாட்டாமல் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

மரம் நிற்பதைவிட விழுந்து கிடப்பது இன்னும் மோசம். வேரோடு சாய்ந்த தென்னையில் வேர்மண் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். தண்டை அறுத்ததும் பாரம் விட்டுப்போய், அந்த அடிக்கட்டை மண்ணோடு பழையபடி குழிக்குள் போய் விழும். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததைக் கஜா சமயத்தில் என் கண்ணால் பார்த்து விரட்டியிருக்கிறேன். வளைந்து மாட்டிக் கிடக்கிற கிளை வில் மாதிரி. எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது, எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று பார்க்காமல் அறுத்தால் பார் இறுகிக்கொள்ளும், இல்லையென்றால் கிளை தெறித்து முகத்தில் அடிக்கும். புயல் முடிந்த மறுநாள்தான் இரவல் கேட்டு அதிகம் பேர் வருவார்கள். இதுவரை மிஷினைத் தொட்டே பார்க்காதவர்களும் அன்றைக்குத்தான் வருவார்கள்.

சரி, எப்படி இல்லை என்று சொல்வது? நம் ஊரில் இதுதான் உண்மையான கஷ்டம். “செயின் மொட்டையா இருக்கு” என்று பொய் சொல்லாதீர்கள். “குடு, நான் தீட்டிக்கிறேன்” என்பார். “பெட்ரோல் இல்ல” என்றால் வாங்கி வந்துவிடுவார். அதுவும் வெறும் பெட்ரோலாக. நான் கண்ட ஒரே வழி, மிஷினோடு நாமும் போவதுதான்.

“மாப்ள, மிஷினக் குடு. ரெண்டே கிளைதான், அரை மணி நேரத்துல கொண்டாந்து தந்துடுறேன்.”

“மிஷினத் தனியா அனுப்புறதில்ல சித்தப்பா. சாயங்காலம் நானே வர்றேன், ரெண்டு பேருமாப் போட்ருவோம்.”

இதில் யாருக்கும் மனத்தாங்கல் வருவதில்லை. அவர் கேட்டது மிஷினை என்றாலும், வேண்டியது கிளை கீழே விழுவதுதான். பாதி நேரம் போய்ப் பார்த்தால் கரண்ட் கம்பிக்கு மேலே நிற்கிற கிளையாக இருக்கும். அதை நானும் தொட மாட்டேன், ஈபிக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். இல்லையென்றால் கைரம்பத்தாலேயே முடிகிற வேலையாக இருக்கும். இதற்காகவே நல்ல கைரம்பம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். முருங்கைக்கும் கொய்யாவுக்கும் அது தாராளமாகப் போதும். அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

யாருடைய மரம் என்பதையும் போனால் பார்த்துவிடலாம். புறம்போக்கு மரத்தையும் சாலையோர மரத்தையும் கேட்பாரில்லாமல் அறுக்க முடியாது. பனை மரம் என்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். வனச்சட்டப்படி மரத்தோடு வெட்டிய கருவியையும் பறிமுதல் செய்ய இடமுண்டு. அங்கே போய் ‘நான் இரவல் கொடுத்தேன்’ என்று நின்று கொண்டிருப்பது உங்கள் பாடு.

எல்லா நேரமும் கூடப் போக முடியாது என்பதும் தெரியும். புயல் அடித்து வழி அடைத்துக் கிடக்கும்போது சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. அப்படிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மரம் அறுத்துப் பழகிய கையிடம் மட்டும் கொடுங்கள். கலந்த பெட்ரோலை நீங்களே கேனில் ஊற்றி, கேன்மேல் பெரிதாக எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அப்புறம், அவர் வாசலைத் தாண்டுவதற்கு முன் அவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தரையில் வைத்து, பின்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிறு இழுக்கிறாரா, கையில் தொங்கவிட்டு இழுக்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டால் செயின் நிற்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, சுவிட்ச் அணைக்கிறதா என்று அவர் கையாலேயே பார்க்கட்டும். தொங்கவிட்டு இழுப்பவராக இருந்தால், தயவுசெய்து மனதைக் கல்லாக்கிக்கொண்டு மிஷினை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். கண்ணாடியும் பூட்ஸும் இல்லாமல், லுங்கியும் செருப்புமாக வந்து நிற்பவருக்கும் அதேதான்.

இதைப் படிக்கிற யாரிடமாவது இப்போது இரவல் மிஷின் இருக்கக்கூடும். திருப்பிக் கொடுக்கும்போது டேங்கை நிரப்பாதீர்கள். மிச்சமிருக்கிற பெட்ரோலையும் ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, காலி டேங்கோடு கொடுங்கள். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மிஷினில் மாதக்கணக்கில் கிடந்தால் கார்புரேட்டர் வீணாகும். மரியாதை செய்தே தீருவேன் என்றால் 100 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில் பாட்டில் ஒன்றை வாங்கிக் கையில் கொடுங்கள். எங்காவது இடித்தது, நின்று நின்று போனது என்று ஏதாவது இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாளைக்கு அதைப் பிடிக்கப்போகிறவர் அவர்.